மருதமுனையிலிருந்து வந்த மொட்டைக் கடிதம்

கல்முனைக் கரைக்கு எப்படிப் போவது, எங்கே இறங்குவது என்று போன மாதம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் அங்கே முதன்முதலில் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க. எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து மூன்றாவது வருடம், மார்ச் மாதம், வெள்ளாமை வெட்டுக் காலம். எனக்கு இருபத்தாறு வயது, கலியாணம் முடித்து ஐந்து மாதம். கொழும்பில் ஒரு சிறிய நலன்புரிச் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப்பிராணி. பால்காரர் போத்தலை நீட்டினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். என் கணவர் பசீர் இதற்கு நேர் எதிர். ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் பணப்பையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிற மனிதர். எங்களுக்கு யார் பொருத்தம் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சூறாவளி அந்தக் கரையின் தென்னைகளையும் கூரைகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை. நெசவு செய்து பிழைத்த குடும்பங்களின் தறிகளையும் நொறுக்கிப்போட்டுவிட்டது. அதற்குப் பிறகு மூன்று தரப்பு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. எங்கள் சங்கம் தறி வாங்கிக் கொடுக்கும். ஊர் நெசவாளர் சங்கம் நூல் கொடுத்து, நெய்த சாறனை, கைலி என்பார்களே அதை, எடுத்துக்கொள்ளும். எந்தக் குடும்பத்துக்கு உண்மையில் தேவை என்று பள்ளிவாசல் சொல்லி, அந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பும் நிற்கும். மூன்று வருடம் ஒழுங்காக நெய்தால் தறி அவர்களுக்கே சொந்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிற எதையும் நான் லேசில் நம்புவதில்லை.

விதிகளில் ஒன்று இப்படி இருந்தது: யார் பெயருக்குத் தறி கொடுக்கப்பட்டதோ அவர் வீட்டில்தான் அது இருக்க வேண்டும். வேறு வீட்டில் கண்டால் திருப்பி எடுத்து, வரிசையில் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். தறியை வாங்கி விற்றுவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதிய விதி. எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

அப்போதுதான் கல்முனைக்குப் பக்கத்து மருதமுனையிலிருந்து அந்த மொட்டைக் கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் மொட்டைக் கடிதம் வராத அலுவலகம் கிடையாது. வழக்கமாக ஒரு பக்கம் முழுக்க வசவு இருக்கும், இன்னார் கள்ளன், இன்னார் குடும்பமே கள்ளர் என்று. இதில் வசவே இல்லை. கொப்பித் தாளில் உருட்டி உருட்டி நாலு வரி. "ஆசியா உம்மாவின் பேருக்குக் கொடுத்த தறி இப்போது அவர் வீட்டில் இல்லை. மகளின் வீட்டில் இருக்கிறது. வந்து பாருங்கள். பார்ப்பதற்கு ஒரு பெண்ணை அனுப்புங்கள்." அவ்வளவுதான். கடைசி வரி எனக்கு முள்ளாய்க் குத்தியது. கள்ளனைப் பிடித்துக் கொடுக்கிறவருக்கு, பிடிக்க வருவது ஆணா பெண்ணா என்பதில் என்ன அக்கறை? (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். எந்தத் தெரு என்றும் சொல்லப்போவதில்லை.)

அலுவலகத்தில் பெண் என்றால் நான் ஒருத்திதான். தனியாக அனுப்ப வீட்டில் விடமாட்டார்கள். ஆகவே பசீரும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். என் பயணச் செலவைச் சங்கம் கொடுத்தது, அவருடையதை நாங்களே போட்டோம்.

கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ரயில், இருநூற்றுப் பதினாறு மைல். மூன்றாம் வகுப்பு ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய் என்று ஞாபகம். மறுநாள் காலை ஆறேகாலுக்கு இறங்கினோம். ஸ்டேசனுக்கு வெளியே அறுபது சதத்துக்கு ஒரு பிளேன்டீ. மருதமுனை மட்டக்களப்பிலிருந்து இருபத்தொரு மைல், கல்முனைக்கு இரண்டரை மைல் முந்தி வரும். ஏழு பத்துக்குக் கல்முனை பஸ் கிடைத்தது. மூன்று ரூபாய் அறுபது சதம். இடது பக்க யன்னலில் இடம் பிடியுங்கள், கல்லாற்றுப் பாலங்களைத் தாண்டும்போது கடல் அந்தப் பக்கம்தான் தெரியும். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. கண்டக்டர் மிச்சக் காசை எண்ணிக் கொடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசீர் அதற்குள் கண்டக்டருக்கு முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தார். கொழும்பில் இருந்து வருகிறோம், மனைவி தறி பார்க்க வந்திருக்கிறா, சங்கத்துக்கு அறிக்கை எழுதுவா.

"தறிக்கா? மறுகா என்ன, மீரா மரைக்கார்ட்டப் போங்க. பள்ளியால அவர்தான் எல்லாம் பாக்கிற" என்றார் கண்டக்டர்.

பசீரின் தொடையில் ஒரு கிள்ளு வைத்தேன். முன்னறிவித்தல் இல்லாமல் போய் இறங்கினால்தானே கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

எட்டரை மணிக்கு இறங்கினால், குடையோடு ஒரு வெள்ளைச் சாறன் மனிதர் நிற்கிறார். அறுபது வயதிருக்கும். பசீரின் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார்.

"நான்தான் மீரா மரைக்கார். கொழும்பால இருந்து ஆள் வருமெண்டு ஒங்கட செயலாளர் காயிதம் போட்டிருந்தார். மகள் களைச்சிப் போயிரிப்பீங்க. முதல்ல சாப்பிடுங்க, மறுகா பாப்பம்."

எங்கள் செயலாளர் மரியாதைக்காரர். கள்ளனைப் பிடிக்க ஆள் அனுப்பினாலும் முன்கூட்டிக் கடிதம் போட்டுவிடுவார். மொட்டைக் கடிதம் பற்றி எழுதாமல் விட்டாரே, அந்த மட்டில் அல்ஹம்துலில்லாஹ்.

மரைக்கார் என்றால் அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். அந்த ஊர்களில் ஒவ்வொரு வம்சத்துக்கும் 'குடி' என்று பெயர், குடிக்கு ஒரு மரைக்கார். குடி தாய்வழியில்தான் வரும். இதை அவர் நடந்துகொண்டே பசீருக்கு விளக்கிக்கொண்டு வந்தார். நான் காது கொடுக்கவில்லை. இந்த ஆள் எங்களை எந்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறார், எந்த வீட்டைத் தவிர்க்கிறார் என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

முதல் மூன்று வீடுகளில் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பட்டியலில் இருந்த பெண் அந்த வீட்டில் இருந்தாள், தறியும் இருந்தது, தறியில் பாவு நூலும் ஓடியிருந்தது. மூன்று வீட்டிலும் ஒரே பிஸ்கட், மூன்று தறியிலும் ஒரே நீலக் கட்டம்.

"ஏன் எல்லாரும் ஒரே மாதிரி நெய்றாங்க?" என்று கேட்டேன். யாரோ ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்கிறார்கள் என்று மனதுக்குள் அறிக்கையே எழுதத் தொடங்கியிருந்தேன்.

"நோம்புப் பெருநாளைக்கு நெசவாளர் சங்கத்துக்கு வந்த ஓடர் மகள். நீலம் கேட்டா நீலம்தானே நெய்யணும்" என்றார் மரைக்கார்.

பிஸ்கட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. ஊரில் ஒரு கடைதான் என்று பசீர் பிறகு சொன்னார்.

நான்காவது வீடு ஆசியா உம்மா. பதினொன்றேகால் மணி. தென்னோலைக் கிடுகு வேலியின் வாயிலான கடப்பு வரை வந்த மரைக்கார் அங்கேயே நின்றுவிட்டார். "நீங்க போய்ப் பாருங்க மகள். நாங்க இஞ்ச மர நிழல்ல நிக்கிறம்."

"மற்ற வீட்டுக்கெல்லாம் வந்தீங்களே?"

"இது என்ட குடி வீடு. நான் உள்ளுக்கு வந்து கதைச்சா ஒரு பக்கம் கதைச்சதாப் போகும்."

எனக்கு மூக்கில் வியர்த்தது. மொட்டைக் கடிதம் சொன்ன வீடு, அதுவும் அவருடைய சொந்த வம்சம். அகப்பட்டுக்கொண்டார் மனிதர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த கல்வீடு. முன் அறையில் தறி. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இன்னொருத்தி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது இருபத்தொன்று இருக்கும், வயிறு லேசாய்த் தெரிந்தது. இருவரும் அக்கா தங்கை என்று முகமே சொன்னது. மூத்தவள் சுபைதா, இளையவள் நபீஸா.

"ஆசியா உம்மாட வீடு இதுதானா?"

"இல்ல, இது என்ட வீடு" என்றாள் சுபைதா, ஒரு கூச்சமும் இல்லாமல். "உம்மா பின்னால குசினிக்க இரிக்கா."

பின்னால் போய்ப் பார்த்தேன். கிடுகு போட்ட குசினி. அடுப்புப் பக்கம் ஒரு பாய், சுருட்டி வைத்த தலையணை, கொடியில் இரண்டு சேலை. விதவைத் தாயைச் சொந்த வீட்டிலிருந்து துரத்திப் புகைக்குள் போட்டுவிட்டு, மகளும் மருமகனும் முன் வீட்டில் ராசா ராணி. தறியையும் அமுக்கிக்கொண்டார்கள். மரைக்கார் வேலிக்கு வெளியே நிற்பதன் காரணமும் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"உம்மா, உங்கள எப்ப வெளியில போட்டாங்க?" என்றேன்.

ஆசியா உம்மா மெலிந்த, உயரமான மனுசி. அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஆரு போட்ட? நான்தான் போட்டன் என்னைய. மூத்தவளுக்குப் போன வரிசம் கலியாணம். புள்ளைக்குக் கலியாணமெண்டா வீட்டக் குடுக்கிற. வீட்டக் குடுத்தா நாம பின்னால வாற. என்ட உம்மாவும் இந்தக் குசினிக்கதான் கிடந்தா. ஒங்கட ஊரில எப்பிடி?"

"எங்கட பக்கம் நாங்கதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போற."

"அல்லாவே! அப்ப ஒங்களுக்கெண்டு வீடில்லையா?" அவள் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. இரக்கப்பட வந்தவள் நான்.

சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. தறி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, ஓர் அங்குலம் நகரவில்லை. அதைச் சுற்றியிருந்த வீடுதான் கை மாறிவிட்டது. கொழும்பில் மேசையைச் சுற்றியிருந்து விதி எழுதிய எங்களில் ஒருவருக்கும் இப்படி ஒன்று நடக்கும் என்று தெரியாது. நான் வாய் திறக்குமுன் அவள் கடப்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தக் காயிதம் ஒங்கட கைக்கு வந்ததா மளே?"

மொட்டைக் கடிதம் பற்றி அந்த ஊரில் நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பசீருக்கே தெரியாது, தெரிந்திருந்தால் கண்டக்டருக்கும் தெரிந்திருக்கும்.

"எந்தக் காயிதம்?" என்றேன்.

"நபீஸாவைக் கொண்டு நான் எழுதின காயிதம்."

தன்மேல் தானே மொட்டைக் கடிதம் போட்ட ஆளை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். பைத்தியமா, அல்லது இதற்குள் இன்னொரு சூழ்ச்சியா என்று எனக்குள் ஓடியது. ஏன் என்று கேட்டேன்.

சொன்னாள். கலியாணத்துக்கு முன் அக்காவும் தங்கையும் மாறி மாறி நெய்வார்களாம். ஒருத்தி எழும்ப மற்றவள் இருப்பாள், தறி ஓய்ந்ததில்லை. மூன்று வயிறும் கழுவி, மூத்தவளின் கலியாணச் செலவில் பாதியும் அந்தத் தறியில்தான் வந்தது. இப்போது மருமகன் வீட்டில் இருக்கும்போது நபீஸா உள்ளே போகமாட்டாள். மச்சானின் முன்னால் வளர்ந்த பெண் போய் இருப்பது முறையில்லை. சுபைதாவுக்குப் பிள்ளை வயிற்றில், முன்போல் நெய்ய முடியவில்லை. தறி அரைநாள் சும்மா கிடக்கிறது.

"மூணு வரிசம் முடிஞ்சா தறி நமக்கெண்டு எழுதித் தருவீங்க. எங்க எழுதுவீங்க? அந்த வீட்டில நிக்கிற தறி அந்த வீட்டோட போகும். மறுகா இளையவளுக்கு நான் என்னத்தக் குடுக்க? அவளுக்கு வீடுமில்ல. தறியுமில்லாட்டி ஆரு கேட்டு வருவான்?"

"மகள்ட்டச் சொல்லலாமே. மரைக்காரிட்டச் சொல்லலாமே."

"குடுத்த வீட்டுக்குள்ள இரிக்கிறதத் திரும்பக் கேக்கிறதா? மருமகன் என்ன நினைப்பான்? நல்ல புள்ள அவன். கேட்டாத் தருவான், ஆனா அடுத்த நாள் அவன் இஞ்ச இரிக்கமாட்டான். உம்மா கேட்டா கண்போட்டதாப் போகும். கொழும்பால வந்து கேட்டா அது சட்டம்." கொஞ்சம் நிறுத்தி, "அதுதான் பொம்பிளைய அனுப்பச் சொன்ன. ஆம்பிளையெண்டா இந்தக் குசினிக்க வந்து கேப்பாரா?" என்றாள்.

இப்போது நான் அவளிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. விதிப்படி, தறி வேறு வீட்டில் இருந்தால் பின்னால் நகர்த்திக் கொடுக்கமாட்டோம். எடுத்துக்கொண்டே போய்விடுவோம். வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம்.

ஆசியா உம்மாவுக்கு அது தெரியாது. "எடுத்திட்டே போயிருவீங்களா?" என்றாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, அவள் இறக்கவில்லை. நான்தான் இறக்கினேன்.

அந்த நேரம் கடப்பில் சைக்கிள் மணி கேட்டது. முன் வீட்டில் தறிச் சத்தம் பாதியில் அறுந்தது. பின் கதவால் நபீஸா ஓடி வந்து குசினிக்குள் விழாத குறையாக நுழைந்தாள். ஆசியா உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கினாள். சற்று நேரம் கழித்துத் தறி மறுபடி தொடங்கியது, மெதுவாக. இப்போது சுபைதா. நான் சாட்சி கேட்காமலே சாட்சி கிடைத்துவிட்டது.

எட்டிப் பார்த்தேன். மருமகன் கலீல், இருபத்தைந்து வயதுப் பொடியன், மாவடிப்பள்ளி வயலில் இரண்டு நாள் நெல்லுச் சூடடித்துவிட்டு, கூலி நெல்லைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மேலெல்லாம் வைக்கோல் தூசி. அந்த முகத்தில் கள்ளத்தனத்தைத் தேடினேன். பசிதான் இருந்தது.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று ஆசியா உம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கே சரியாகத் தெரியாது. முன் வீட்டுக்கு நடந்து போய், வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன்.

"இந்தத் தறி ஆசியா உம்மாட பேர்ல இருக்கு. அவ படுக்கிற கூரைக்குக் கீழதான் இது நிற்க வேணும். இன்றைக்கு அசர் தொழுகைக்கு முந்தி அங்க போகாட்டி லொறி அனுப்பி எடுத்துடுவோம். இதுதான் சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்த சட்டம் அதைவிட மோசம். லொறியும் எங்களிடம் இல்லை.

கலீல் நெல் மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான். "நோனா, நான் என்ன களவெடுத்தனா? என்ட வீட்டில நிண்டு என்னைக் கள்ளனெண்டு சொல்றீங்களா?" கடப்புப் பக்கம் கையை நீட்டினான். "எங்களுக்குத் தறி வேணாம். லொறியக் கொண்டுவாங்க. இப்பவே கொண்டு போங்க!"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய்ச் சட்டம் காட்டி மிரட்டினால் பணிவான் என்றுதான் நினைத்தேன். அவன் ரோசக்காரன் என்பது என் கணக்கில் இல்லை. ஒரு நிமிடத்தில், ஆசியா உம்மாவின் கையில் இருந்த ஒரே பிடியையும் நானே வெட்டிவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"என்ட மருமகனப் பாத்துக் கதைக்க நீ ஆருடி! கொழும்பால வந்தா எங்கட தலையில ஏறி இரிப்பியா? அவன்ட உழைப்பிலதான் இந்தக் குசினிக்க அடுப்பு எரியுது, தெரியுமா ஒனக்கு? ஒரு தறிக்காக என்ட புள்ளைய வாயால வெளிய போடுறியா? நாசமாப் போற சட்டம்!"

ஆசியா உம்மா முக்காட்டோடு குசினி வாசலில் நின்று என்னை ஏசினாள். மாமி மருமகனோடு நேரே பேசாத ஊர் அது. அவளுடைய குரலைக் கலீல் முழுசாகக் கேட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். தனக்காக ஒருத்தி இப்படிச் சண்டை பிடிக்கிறாள் என்றதும் அவன் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் ஏசியதில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிசம் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். பாதிக்கு மேல் நிசம்.

மரைக்கார் அப்போதும் கடப்பைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே சொன்னார்: "மகன் கலீல், சட்டம் அவங்கட. கூரை எங்கட. குசினிக்குப் பக்கத்தில கம்பு நாலு நட்டு, கிடுகு கூட்டிக் கட்டினாத் தறி நிக்கும். ஒன்ட பொஞ்சாதி அங்க போய் நெய்யட்டும். ஆருக்கு என்ன குறை?"

கலீல் மாமி நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தான். "மாமிக்காகத்தான்" என்றான். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, கம்பு வெட்டக் கத்தியை எடுத்தான்.

ஆனால் தறியை உடனே கழற்ற முடியவில்லை. அதில் ஒரு சாறன் பாதியில் நின்றது. ஓடுகிற பாவு நூலை அறுத்தால் அது முடிச்சு முடிச்சாகக் கெட்டுப்போகும், பிடித்த சாறனை முடித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்றார்கள். ஆகவே சுபைதா நெய்யத் தொடங்கினாள். மரைக்காரும் பசீரும் மர நிழலில் நின்றார்கள். கலீல் பின்னால் குழி தோண்டினான். நான் முன் அறையில் ஒரு கதிரையில் இருந்தேன், எழுந்து போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் அழுதுகொண்டே நெய்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை, கையை நிறுத்தவும் இல்லை. நீலக் கட்டம் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு மணியும் ஐம்பது நிமிடமும் அப்படிப் போனது. என் சுவர்க் கடிகாரச் சத்தம்கூட இன்றைக்கும் சில வேளை அதை எனக்கு ஞாபகப்படுத்தும். சாறனை அறுத்து மடித்து வைத்துவிட்டு அவள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இந்தா, முடிஞ்சி."

மூன்றரை மணிக்குத் தறி புதிய கூரையின் கீழ் நின்றது. நபீஸா அதில் ஏறி இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஆசியா உம்மா என்னை வழியனுப்ப வரவில்லை, வரவும் கூடாது. குசினிக்குள்ளிருந்து இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தாள்.

பஸ் தரிப்பில் மரைக்காரை நேருக்கு நேர் பார்த்தேன். "அந்தக் கடிதம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்க வாய் வந்தது. அவர் குடையை விரித்து, "மகள், வெயில்ல நிக்காதீங்க" என்றார். அவருக்குத் தெரியும் என்று ஒரு மனம் சொல்கிறது. முத்திரை ஒட்டிக் கொடுத்ததே அவராக இருக்கலாம் என்று இன்னொரு மனம் சொல்கிறது. நிரூபிக்க எனக்கு வழியில்லை.

நாலு இருபதுக்கு பஸ். களுவாஞ்சிக்குடி தாண்டியதும் பசீர் ஒரு தரம் கேட்டார்: "வயித்துப் புள்ளக்காரிய அழவெச்சி அந்தத் தறியத் தூக்க வேணுமா? ஒனக்கு மனம் வந்திச்சா?" சட்டம் என்று சொன்னேன். எல்லாரையும் நம்புகிற மனிதர் அன்று என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த தடவை எந்தக் கண்டக்டரிடம் போகுமோ, அது எப்படிச் சுற்றி எந்த மருமகனின் காதில் விழுமோ என்ற பயம். நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் அந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லி, "என்ட மனிசி கல் நெஞ்சுக்காரி" என்று முடிப்பார். நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விடுவேன். இதை அவர் இனி ஃபோனில் படிக்கட்டும்.

அறிக்கையில் எழுதினேன்: தறி பெறுநரின் கூரையின் கீழ் உள்ளது, முறைப்பாடு ஆதாரமற்றது. வேலை பார்த்த காலத்தில் நான் எழுதிய முதல் பொய் அறிக்கை, கடைசியும் அதுதான். கூடவே விதியை மாற்றச் சொல்லி ஒரு குறிப்பும் வைத்தேன். அதை மாற்ற அவர்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. மூன்று வருடம் முடிந்ததும் ஆசியா உம்மாவின் பெயருக்குத் தறி எழுதப்பட்ட தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பியவர் மரைக்கார்.

அதற்கு முன் இன்னொரு கடிதமும் வந்தது. இது மொட்டைக் கடிதமில்லை. சுபைதா தன் பெயரையும் விலாசத்தையும் தெளிவாக எழுதி, கொழும்பிலிருந்து வந்த பெண் தன் கணவரைக் கள்ளன் என்று சொன்னாள் என்றும், தன் வீட்டுக்குள் வந்து அநியாயம் செய்தாள் என்றும் முறையிட்டிருந்தாள். செயலாளர் அதை விசாரிக்கச் சொல்லி என்னிடமே தந்தார். பதில் போடவில்லை. அதை வைத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கொழும்பிலிருந்து கல்முனைக்கு இப்போது நேரடி பஸ் உண்டு. ஆனால் ரயிலில் மட்டக்களப்பு வந்து கரையோரமாக இறங்கிப் போவதுதான் அழகு. கட்டணத்தைப் புறப்படுமுன் நிலையத்தில் கேளுங்கள், நான் சொன்னது பழைய காலத்து விலை. சாறன் வாங்கினால் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள், தப்பாக நினைக்கமாட்டார்கள். வீடுகளுக்குப் போனால் கடப்பில் நின்று குரல் கொடுங்கள், ஆண்கள் அதற்கு மேல் அழைத்தால் மட்டும் போங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஏழைக் குடும்பங்களைத் தூக்கிவிடும் திட்டம் எதையாவது பார்வையிடப் போகிறீர்கள் என்றால், முன் வீட்டில் கதிரை போட்டுத் தருவதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். பின்னால் குசினிக்குப் போய் உட்காருங்கள்.

ஆசியா உம்மா மௌத்தாகி அடக்கம் செய்து வெகு காலம் என்று கேள்விப்பட்டேன். சுபைதாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அன்று வயிற்றில் இருந்தது பெண் பிள்ளை என்று அவள் கடிதத்திலேயே இருந்தது. இந்நேரம் அவளும் மகளுக்குக் கலியாணம் முடித்து, அந்தக் கல்வீட்டைக் கொடுத்துவிட்டு, பின்னால் குசினிக்குப் போயிருப்பாள். முன் வீட்டில் அவளுடைய ஏதோ ஒன்று நிற்கும். திரும்பக் கேட்க வாய் வந்திருக்காது.